சால்வைக்குள் போன கை

மழைக்குப் பேர் போன ஊர் எங்களுடையது. ஒரு பக்கம் மராப்பி மலை, இன்னொரு பக்கம் சிங்காலாங் மலை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மேகம் வேறு போக்கிடம் இல்லாமல் எங்கள் தலையில்தான் இறங்கும். அப்படியும் எங்கள் ஊரான பாடாங் பாஞ்சாங்கின் சந்தையில் நேலி குடை பிடித்து நான் பார்த்ததில்லை. குடை பிடித்தால் ஒரு கை போய்விடும். அவளுக்கு இரண்டு கையும் வேண்டும்.

முழுப்பெயர் மிஸ்நேலி. சந்தையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'ஊனி'. எங்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம். அவளைவிட இருபது வயது மூத்த இஞ்சி வியாபாரிகூட ஊனி என்றுதான் கூப்பிடுவார். ஊரில் இருக்கும் இஸ்லாமிய வங்கியின் வசூல்காரி அவள். வட்டி வாங்காத, வட்டி கொடுக்காத வங்கி. வியாபாரிகள் அன்றைக்கு மிச்சம் பிடித்ததைக் கடை கடையாகப் போய் வாங்கி, அவரவர் கணக்கில் கட்டுவது அவள் வேலை. நிரந்தரமான வேலை இல்லை. வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால் உண்டு. கணவன் பாத்தாம் தீவுக்கு வேலை தேடிப் போனவன். முதலில் பணம் வந்தது, பிறகு போன் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. மகள் மாகாணத் தலைநகரான பாடாங்கில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முழுக்க நேலியின் இரண்டு முழங்கால்களை நம்பி நின்றது. அதில் இடது முழங்கால் ஏற்கெனவே பழுது.

நான் பல நாடுகளில் அலைந்துவிட்டுத் திரும்பிவந்து, சித்தி யுஸ்நிதாரின் கருவாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது. உட்கார்ந்திருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. நிற்பேன், நடப்பேன், பேருந்து நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். சித்திதான் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பவள். காலையில் கடற்கரை ஊரான பரியாமானிலிருந்து நெத்திலி மூட்டைகள் வந்து இறங்கும்போது நிற்க ஆரம்பித்தால், மாலையில் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்வரை நிற்பாள். எங்கள் வரிசையில் கூரை பழசு. மழை பெய்தால் எந்த இடத்தில் ஒழுகும் என்று கருவாட்டுக்கே தெரியும்.

வந்த புதிதில் ஒரு மத்தியானம், நேலி கடைக்கு வந்து நின்றாள். தோளில் அகலமான ஒரு பச்சைச் சால்வை. அதைச் சற்று விரித்து, வலது கையை அதற்கு அடியில் நீட்டினாள். சித்தி நெத்திலியைக் குலுக்கிக்கொண்டே தன் கையையும் சால்வைக்குள் விட்டாள். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மிளகாய் விலையைப் பற்றிப் பேசினார்கள். துணிக்குள் ஏதோ அசைந்தது. பிறகு கைகள் வெளியே வந்தன, நேலி அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

"என்ன சித்தி இது? மாடு விக்கிறீங்களா?" என்றேன்.

"சத்தம் போடாத. பணம் கட்டினேன்."

"அதை வெளிப்படையா குடுத்தா என்ன?"

சித்தி பக்கத்துக் கடைகளை ஒரு சுற்று பார்த்தாள். "ஊரெல்லாம் சுத்திட்டு வந்தவளுக்கு இது புரியலையா? வெளிப்படையா குடுத்தா வெளிப்படையாத் தெரியும்."

மாட்டுச் சந்தையில் துணிக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, அதே முறைதான். நேலியின் அப்பா மாட்டுத் தரகர். வீட்டில் திண்பண்டம் பங்கு வைப்பதைக்கூட விரலால்தான் பேசுவாராம். ஆட்காட்டி விரலைப் பிடித்தால் இவ்வளவு, பாதி விரலைத் தடவினால் இவ்வளவு. அந்த வழக்கத்தை நேலி வங்கி வேலைக்குக் கொண்டுவந்துவிட்டாள். பணம் துணிக்குள் கைமாறும். தொட்டே எவ்வளவு என்று அறிந்துகொள்வாள். தான் அறிந்ததை அவர்கள் விரலைப் பிடித்து அழுத்திச் சொல்வாள். அவர்கள் திருப்பி அழுத்தினால் சரி. வாயிலிருந்து ஒரு எண் வராது. ரசீதை வேண்டாம் என்பவர்களுக்கு அவளே பத்திரப்படுத்தி வைப்பாள்.

இது பெண்களோடு. ஆண்களின் விரலை அவள் தொடமாட்டாள். அவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. பக்கத்துக் கடை எஃப்ரிசால் அண்ணன் மிளகாய் விற்பவர். நேலி தினமும் அவரிடம் கால் கிலோ மிளகாய் வாங்குவாள். பையின் அடியில் பணம் இருக்கும்.

"ஊனி வீட்ல மட்டும் மிளகாய் எப்படி இவ்ளோ செலவாகுது?" என்று அவர் மனைவி தெஸ்மா கேட்பாள்.

"மக ஹாஸ்டல்ல சம்பல் கேக்குறா," என்பாள் நேலி.

இதில் வேடிக்கை என்னவென்றால், எஃப்ரிசால் அண்ணன் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து தெஸ்மாவும் சால்வைக்குள் கை விடுவாள். புருஷனுக்குத் தெரியாமல் அவள், மனைவிக்குத் தெரியாமல் அவர். ஒரே கல்லாவிலிருந்து இரண்டு பேரும் எடுத்து ஒரே வங்கியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நேலி இரண்டு பேரிடமும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள். பக்கத்தில் நின்று பார்க்கும் எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாது.

போனிலேயே பணம் போட்டுவிடலாமே என்று சித்தியிடம் ஒருமுறை சொன்னேன்.

"என் போனை யாரு ரீசார்ஜ் பண்றா? உங்க மாமா. யாரு எடுத்துப் பாக்குறா? அதுவும் அவருதான்."

"வேற வங்கியில..."

"போட்டிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால டோக்கன் வாங்கிட்டு நிக்கணும். வாசல்ல காவலுக்கு நின்னவன் உங்க மாமாவோட கூட்டாளி. நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள சேதி வந்து சேர்ந்துடும். வட்டின்னு கொஞ்சம் சேரும், அதுவும் மனசுக்கு உறுத்தலாத்தான் இருந்துச்சு. இங்க அந்த உறுத்தலும் இல்ல, காவல்காரனும் இல்ல."

சித்தியின் அண்ணன்தான் மாமா சாஃப்ரில். கெட்டவர் இல்லை. எங்கள் குடும்பத்தில் வீடும் நிலமும் பெண்கள் பேரில், பொறுப்பு தாய்மாமன் தலையில். பூர்வீகப் பெரிய வீட்டின் கூரைத் தகடுகள் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தன. அங்கே படுத்த படுக்கையாக அவர்கள் இருவரின் பெரியம்மா இருந்தாள். யார் கையில் காசு தெரிந்தாலும் மாமாவின் கண் கூரைக்குப் போகும். தன் காசையும் அதில்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, எதுக்குத்தான் சேக்குற? மக்காவுக்கா?"

சித்தி ஒரு காய்ந்த மீனின் தலையைக் கிள்ளி எறிந்தாள். இன்னொன்றையும் கிள்ளி எறிந்தாள். பிறகு, யாரோ இன்னொருவரைப் பற்றிச் சொல்வதுபோல, "ஒரு வருஷம் சும்மா உக்காரணும்," என்றாள்.

"எங்க?"

"எங்கயாவது. கடையைப் பூட்டிட்டு. காலையில எந்திரிச்சு, எதுக்கு எந்திரிச்சோம்னு யோசிச்சுட்டு, மறுபடி படுத்துக்கணும். இதை வெளிய சொல்ல முடியுமா? மக்கான்னா ஊரே கை தூக்கி துஆ செய்யும். சும்மா உக்காரணும்னா பைத்தியம்னு சொல்லும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கணுக்கால்கள் அன்றைக்கு வீங்கியிருந்தன.

வங்கிக்குப் புது மேலாளர் வந்தார். பாகாஸ் என்று பெயர், ஜாவாக்காரர், இளைஞர். ஊர் மழை தெரியாமல் துணிக் காலணி போட்டு வந்து அது உலரவே இல்லை. நல்ல மனிதர். வசூல்காரர்களுக்கு ஆகும் செலவு வங்கிக்குக் கட்டுப்படியாகிறதா என்று மேலிடம் கேட்டிருந்தது. யாரையும் வேலையை விட்டு அனுப்புமுன், மக்கள் ஏன் இந்த வங்கியில் பணம் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்தார். அதைத் தானே சந்தைக்கு வந்து கேட்டார். நேலிதான் அவரைக் கடை கடையாக அழைத்து வந்தாள்.

எங்கள் வரிசையில் ஒரு கடைக்காரர் தும்மினால் எதிர்க் கடைக்காரர் 'யர்ஹமுகல்லாஹ்' என்று வாழ்த்துவார். அவ்வளவு நெருக்கம். அந்த இடத்தில் நின்று, நல்ல உரத்த குரலில், போனில் குறித்துக்கொண்டே அவர் கேட்டார்.

"ஐயா, நீங்க எங்க வங்கியில சேமிக்கிறதுக்கு முக்கியமான காரணம் எது? மார்க்கமா, லாபத்துல வர்ற பங்கா, வங்கி பக்கத்துல இருக்குறதா, கவனிப்பா, தெரிஞ்சவங்க சொன்னதா?"

கேட்டது எஃப்ரிசால் அண்ணனை. தெஸ்மா அவருக்கு முழங்கைத் தூரத்தில் நின்றாள். அண்ணன் ஒரு கணம் மிளகாய்ப் பையைப் பார்த்தார்.

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க? மார்க்கம்தான்! எனக்கு எங்க சேமிப்பு? மாசத்துக்கு ஒருதடவை சில்லறை போடுவேன். அதை ஹலாலா போடுறேன்."

"சொர்க்கத்துக்குப் போற பஸ்ல இடம் பிடிக்கிறாரு," என்றாள் தெஸ்மா.

"உனக்கும் சேத்துத்தான்டி."

"எனக்கு வேணாம். அங்கயும் உன் பக்கத்து சீட்டா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பாகாஸும் சிரித்துக்கொண்டே தெஸ்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நானும் மார்க்கம்தான்," என்றாள். இஞ்சிக்காரரும் மார்க்கம். தேங்காய் துருவும் அக்காவும் மார்க்கம். சித்தியிடம் வந்தார். சித்தி அவர் காலணியைப் பார்த்தாள்.

"மார்க்கம்தான் தம்பி. ஷூவைக் கழட்டி அடுப்புப் பக்கம் வைங்க. புண்ணாயிடும்."

பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. ஐந்து வேளையும் தொழுகிறவர்கள், வட்டிக்கு அஞ்சுகிறவர்கள். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது, அதை அந்த வரிசையில் வாய்விட்டுச் சொன்னால் 'நான் பணம் ஒளிக்கிறேன்' என்று பறை அறைந்தது போல ஆகும். அத்தனை பேரும் பதில் சொல்லி முடிக்கும்வரை நேலி பின்னால் நின்று, சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, சாக்கடையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாகாஸுக்கு மனம் நிறைந்துவிட்டது. மக்கள் மார்க்கத்துக்காகத்தான் வருகிறார்கள், யாரும் போய்க் கூப்பிட வேண்டியதில்லை. அதனால் வசூலை நிறுத்திவிட்டு, சந்தைக் கட்டடத்தின் மாடியில், தொழுமிடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கவுண்ட்டர் வைப்பது என்று முடிவு செய்தார். தொழ வருகிறவர்கள் அப்படியே பணமும் கட்டிவிட்டுப் போகலாம். யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனை. 'உங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்' என்று பேனர் கட்டினார்கள்.

செய்தியை நேலியே வந்து சொன்னாள். அன்றைக்கும் மழை. ஒரு கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்து முழங்காலை அழுத்திவிட்டுக்கொண்டாள்.

"இந்த மாசத்தோட சரி. ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டாங்களாம். இனிமே மாடிக்குப் போய்க் கட்டிக்குங்க."

"மாடிக்கா?" தெஸ்மாவின் குரல் கீச்சிட்டது. "தொழுகைக்கு வர்ற ஊரு மொத்தமும் அங்கதானே உக்காந்திருக்கும்?"

சித்தி மாடிப்படியைப் பார்த்தாள். தொழுமிடத்து வாசல் பெஞ்சில், நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து மாலை அஸர் தொழுகை வரை கூட்டாளிகளோடு உட்கார்ந்திருப்பவர் எங்கள் மாமா.

"எல்லாரும் மார்க்கம் மார்க்கம்னு சொன்னீங்களே," என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஊனி வர்றதாலதான் போடுறோம்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லேன்," என்றார் எஃப்ரிசால் அண்ணன். "உனக்குப் புருஷனா, பொண்டாட்டியா?"

"அப்ப உங்களுக்குப் பொண்டாட்டி கிட்ட மறைக்க ஏதோ இருக்கு?" என்று தெஸ்மா திரும்பினாள்.

"யாரு சொன்னா? பொதுவாச் சொன்னேன்."

நேலி இரண்டு பேரையும் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. களைத்துப்போன முகம், அவ்வளவுதான்.

அவளோடு பேருந்து நிலையம் வரை நடந்தேன். "மேலாளர் கிட்ட நீங்களே சொல்லிடுங்க ஊனி. யார் யார் எதுக்கு உங்க கிட்ட குடுக்குறாங்கன்னு சொன்னா அவருக்குப் புரிஞ்சிடும். வேலை நிக்கும்."

"சொன்னா நிக்கும். தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அது என் ரகசியம் இல்லையேம்மா. அவங்க எனக்குக் குடுத்த பணம் நம்பி ஒப்படைச்ச அமானிதம்னா, மறைச்சுக் குடுத்தாங்கங்கிறதும் அமானிதம்தான். அவர் அதை மேல எழுதுவாரு. மேல இருக்குறவங்க இன்னொருத்தருக்குச் சொல்லுவாங்க. சின்ன ஊரு."

"பொண்ணு படிப்பு?"

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள். "தினமும் அதைத்தான் நினைக்கிறேன். நினைச்சு நினைச்சு அதுவும் மரத்துப்போச்சு."

மாதம் முடிந்தது. அவள் கடைசியாக வந்த அன்று இஞ்சிக்காரர் ஒரு வழி சொன்னார். "வங்கி வேணாம்னா போகட்டும். நீ எப்பவும் போல வா ஊனி. உன் கிட்டயே குடுக்குறோம். நீ போய்க் கட்டிடு."

நேலி சால்வையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "இவ்ளோ நாள் என் கைக்குள்ள வந்த பணம் சாயங்காலம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்துடும். அதனால குடுத்தீங்க, அதனால வாங்கினேன். இனிமே என் கையில வந்தா என் வீட்டுக்குத்தான் வரும். என் வீட்ல இப்ப அரிசி டப்பா காலி. என்னையே எனக்கு நம்பிக்கை இல்ல. வேணாம்."

அதற்குப் பிறகு அவளைச் சந்தையில் பார்க்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், குச்சியில் இறைச்சி சுட்டு விற்கும் ஒரு சத்தே கடையில் தட்டு கழுவுவதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் போனேன். புகைக்கும் மசாலா நெடிக்கும் நடுவே பின்கட்டில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பச்சைச் சால்வையைத் தலையில் சுற்றி இருந்தாள், புகை ஏறாமல் இருக்க. மகள் அடுத்த பருவம் படிப்பை நிறுத்திவிட்டு வரப்போகிறாள் என்றாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாடியில் கவுண்ட்டர் காத்துவாங்கியது. பாகாஸ் தினமும் வந்து உட்கார்ந்தார். தொழ வந்தவர்கள் சலாம் சொன்னார்கள், பேனரைப் பாராட்டினார்கள், போய்விட்டார்கள். பணம் கட்டியவர்கள் என்றால் நகைக்கடைக்காரரும் துணிக்கடைக்காரரும்தான். மறைக்கத் தேவையில்லாத பணம் அவர்களுடையது.

மற்றவர்கள் பாடு வேறு. எஃப்ரிசால் அண்ணன் பணத்தை மிளகாய் மூட்டைக்கு அடியில் வைத்தார். அதை தெஸ்மா கண்டுபிடித்தாள். தெஸ்மா தராசுக்கு அடியில் வைத்ததை அவர் கண்டுபிடித்தார். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அண்ணன் என்னிடம் வந்து, "அவளும் ஊனி கிட்ட போட்டுட்டு இருந்தாளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஊனி என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

சித்தி பிஸ்கட் டப்பாவில் போட்டு நெத்திலிக்குள் புதைத்தாள். மாமா ஒருநாள் வீட்டுக்கு நெத்திலி எடுக்கக் கடைக்கு வந்தார். டப்பா கையில் தட்டியது.  கூரைக்கு ஆணி வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை சித்தி கடையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "நேலி மக நிஜமாவே படிப்பை விடுறாளா?"

"விடுறாளாம்."

"அந்தப் பையன் ஷூ இன்னும் ஈரமாத்தான் இருக்கா?"

"யாரு, பாகாஸா? தெரியல."

"போய்ப் பாக்கணும்," என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து மாடியில் கூட்டம் கலையாமல் நின்ற நேரம். சித்தி கையைக்கூடக் கழுவாமல் படியேறினாள். கருவாட்டு வாசனை முன்னே போய் வழி விலக்கியது. நான் பின்னாலேயே ஓடினேன். பெஞ்சில் மாமா, கூட்டாளிகளோடு. சித்தி அவரைப் பார்த்தாள்.  பார்த்துவிட்டுத்தான் கவுண்ட்டர் முன்னால் போய் நின்றாள்.

"சொல்லுங்கம்மா," என்று எழுந்தார் பாகாஸ். முகம் மலர்ந்துவிட்டது, பாவம். "பணம் கட்ட வந்தீங்களா?"

"இல்ல. அன்னிக்கு நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வந்தேன். அன்னிக்குப் பாதிதான் சொன்னேன்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். சித்தி குரலைத் தாழ்த்தவில்லை.

"மார்க்கத்துக்காகத்தான் போட்டேன். அதோட, நேலி வந்ததால போட்டேன். அவ சால்வைக்குள்ள கையை விட்டா எவ்ளோ குடுத்தேன்னு பக்கத்துக் கடைக்குத் தெரியாது. என் வீட்டுக்குத் தெரியாது. என் அண்ணனுக்குத் தெரியாது. நான் சம்பாதிச்சதுல கொஞ்சம் எனக்கே எனக்குன்னு இருந்துச்சு. அதுக்காகத்தான் போட்டேன். நீங்க கவுண்ட்டரைக் கொண்டுவந்து என் அண்ணன் மூக்குக்கு முன்னால வச்சிருக்கீங்க. இங்க யாரு தம்பி வருவா?"

 பாகாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "மத்தவங்களும் இதே காரணத்துக்காகத்தானாம்மா?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. என்னோடதைச் சொன்னேன்."

திரும்பி, வந்த வழியே இறங்கினாள். மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாமா கடைக்கு வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டாளிகள் முன்னால் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

"ரொம்ப நாளாவா?"

"ஆமாண்ணே."

"மக்காவுக்கா?"

சித்தி நெத்திலியைக் கிளறினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். ஒருநாளில் ஒரு உண்மைக்குத்தான் அவளிடம் தெம்பு இருந்தது போல.

"ம்," என்றாள்.

"மக்கா எங்கயும் போயிடாது, யுஸ். பெரியம்மா கட்டிலுக்கு மேலயே ஒழுகுது. நேத்து பாத்திரம் வச்சுட்டு வந்தேன். ரெண்டு நாள்ல அதுவும் நிரம்பிடும்."

"தெரியும்."

"திருப்பித் தர்றேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா பொய்யாயிடும்."

"தெரியும்ணே. திங்கக்கிழமை எடுத்துத் தர்றேன்."

அவர் எழுந்து, போகும்போது என் தலையில் கை வைத்தார். சித்தியின் தலையில் வைக்கவில்லை. வைக்க நினைத்த கையாகத்தான் எனக்குத் தோன்றியது.

கூரை மாறியது. புதுத் தகடு, வெயில் பட்டால் பேருந்திலிருந்தே மின்னும். வெயில்தான் படுவதில்லை. அந்தப் பக்கம் போகும்போது சித்தி ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நான் சும்மா உக்கார வேண்டிய வருஷம் மேல உக்காந்திருக்கு பாரு," என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

பாகாஸ் மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்று தெரியாது. சால்வையைப் பற்றி எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மாடிக் கவுண்ட்டரை எடுத்துவிட்டார்கள். சத்தே கடைப் பின்கட்டுக்கு அவரே போய் நேலியைக் கூப்பிட்டார் என்று எஃப்ரிசால் அண்ணன் சொன்னார். கூடவே, "ரப்பர் செருப்பு வாங்கிட்டாருப்பா, இனி இந்த ஊர்க்காரர்தான்," என்றும் சொன்னார்.

நேலி திரும்பி வந்த அன்றும் தூறல். மகளின் படிப்புக்கு ஒரு பருவம் வீணாகிவிட்டது, அடுத்ததில் சேர்ந்துகொள்ளலாமாம். அதே பச்சைச் சால்வை. துவைத்திருந்தாலும் சத்தே மசாலா வாசனை போகவில்லை. முழங்கால் முன்னைவிட மோசம். இஞ்சிக்காரர் கடையில் நின்றாள், தேங்காய்க் கடையில் நின்றாள். தெஸ்மா புருஷன் தொழுகைக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை. அவர் எதிரிலேயே சால்வைக்குள் கை விட்டாள்.

"எவ்ளோடி?" என்றார் அண்ணன்.

"உன் மிளகாய்ப் பையில எவ்ளோன்னு சொல்லு, நான் சொல்றேன்."

"ஊனி, கால் கிலோ மிளகாய்!" என்று அவர் சத்தமாகப் பையை நீட்டினார். வரிசை சிரித்தது. எவ்வளவு என்பது மட்டும் அன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் கடைக்கு வந்து சால்வையை விரித்து, அடியில் கையை நீட்டினாள் நேலி. சித்தி கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"எனக்கு எதுக்கு நேலி துணி? ஊருக்கே தெரிஞ்ச சேமிப்பு."

நேலி அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் ஒரு முறை மாடிப் பக்கம் போய் வந்தது. மழை தராசுவரை சாரலடித்தது. பழக்கத்தில் அவள் சால்வை நுனியால் நோட்டை மூடப் போனாள்.

"மூடாத," என்றாள் சித்தி. "ஈரமா இருக்கு. கொஞ்சம் காயட்டும். நீ அந்த மூட்டை மேல உக்காரு."

நேலி உட்கார்ந்தாள். சித்தி நின்றுகொண்டிருந்தாள்.